எழுதாக் கடன்: பெர்லின் பயணக் குறிப்புகள்

செவ்வாய்: கார்ல்ஸ்ஹோர்ஸ்ட், ட்ரெப்டோ

பனிப்போரைப் பார்க்க பெர்லினுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கிழக்கு, மேற்கு பெர்லின்களுக்கு இடையே சுவரில் இருந்த பழைய கடவையான செக்பாயின்ட் சார்லிக்குப் போய், காவல் கூண்டின் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கூண்டு அசல்கூட இல்லை, நகல். அதுவும் கதையின் நடுப்பகுதிதான். சுவர் எழுந்தது 1961-இல். 1945-இல் தோளோடு தோள் நின்று ஹிட்லரை வீழ்த்தியவர்கள் நான்கே ஆண்டுகளில் எப்படி ஜென்மப் பகையாளிகள் ஆனார்கள்? எனக்கு அந்த முதல் அத்தியாயம்தான் வேண்டும்.

அதற்காகக் கிழக்கே எஸ்-3 ரயிலைப் பிடித்தேன். கார்ல்ஸ்ஹோர்ஸ்ட் அமைதியான குடியிருப்புப் பகுதி. தெருக்கோடியில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டடம் நிற்கிறது. முன்பு ஜெர்மன் ராணுவப் பொறியாளர் பள்ளி அதிகாரிகளின் உணவுக்கூடமாக இருந்தது. 1945 மே 8 நள்ளிரவை ஒட்டி, ஜெர்மனியின் சரணாகதியில் ஃபீல்டு மார்ஷல் கைடெல் கையெழுத்திட்டது இங்கேதான். முந்தைய நாளே பிரான்சின் ரான்ஸ் நகரில் ஒரு சரணாகதி கையெழுத்தாகியிருந்தது. ஸ்டாலின் அதை ஏற்கவில்லை. பெர்லினைப் பிடித்தது செம்படை, ஆகவே சடங்கும் பெர்லினில்தான் நடக்க வேண்டும் என்றார். மாஸ்கோ கடிகாரத்தில் அப்போது மே 9 பிறந்துவிட்டது. மேற்கில் வெற்றி நாள் மே 8, ரஷ்யாவில் மே 9 என்று இன்றுவரை இருப்பதற்கு இதுவே காரணம்.

மண்டபம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. நீள மேசைகளில் பச்சைத் துணி, சுவரில் நான்கு நாட்டுக் கொடிகள். கைடெலுக்கு மட்டும் ஓரமாக ஒரு சிறு மேசை. சோவியத் தரப்பில் ஷுக்கோவும் நேசநாட்டுத் தலைமையின் சார்பில் பிரிட்டனின் டெடரும் கையெழுத்திட்டார்கள். அமெரிக்கரும் பிரெஞ்சுக்காரரும் சாட்சிகளாக மட்டுமே. யார் பெயர் எங்கே வரவேண்டும் என்ற இழுபறியிலேயே மணிக்கணக்கில் நேரம் போனது. பிறகு விடியும்வரை விருந்து.

இந்த வீடு அதன்பின் சோவியத் ராணுவ நிர்வாகத்தின் தலைமையகமானது. 1949 அக்டோபரில் கிழக்கு ஜெர்மன் அரசிடம் நிர்வாகம் ஒப்படைக்கப்பட்டதும் இங்கேதான். ஆரம்பம், முடிவு இரண்டுக்கும் ஒரே முகவரி. அனுமதி இலவசம். ஆனாலும் கூட்டமே இல்லை.

மாலையில் ட்ரெப்டோ பூங்கா. சுமார் 7,000 சோவியத் வீரர்கள் புதைக்கப்பட்ட இடம். 12 மீட்டர் உயர வெண்கல வீரன் இடக்கையில் ஒரு குழந்தையை ஏந்தி நிற்கிறான். வாள் கீழ்நோக்கி இருக்கிறது, காலடியில் நொறுங்கிய ஸ்வஸ்திகா. இருபுறமும் வரிசையாகக் கல்மேடைகள், அவற்றில் ஸ்டாலினின் வாசகங்கள், ஒருபக்க வரிசையில் ரஷ்ய மொழியிலும் மறுபக்க வரிசையில் ஜெர்மனிலும் பொன்னெழுத்தாக. சொந்த நாட்டிலேயே சிலைகள் இறக்கப்பட்ட மனிதரின் வாசகங்கள் பெர்லினில் பளபளக்கின்றன. நினைவிடம் திறக்கப்பட்ட நாள் 1949 மே 8. மேற்கு பெர்லினுக்கான தரைவழிகளை அடைத்து வைத்திருந்த சோவியத் முற்றுகை அதற்கு நான்கு நாள் கழித்து விலக்கிக்கொள்ளப்பட்டது.

இங்கே நின்றுகொண்டு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சோவியத் ஒன்றியம் இந்தப் போரில் இழந்தது சுமார் 2 கோடியே 70 லட்சம் உயிர்கள். ஜெர்மனியிடம் நஷ்டஈடு கேட்டதைப் பேராசை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

புதன்: போட்ஸ்டாம்

செசிலியன்ஹோஃப் அரண்மனையைப் பார்த்தால் அரண்மனை என்றே சொல்ல மாட்டீர்கள். மரச்சட்டங்கள் தெரியும் சுவர்கள், ஒன்றுபோல் ஒன்றில்லாத ஏராளமான புகைபோக்கிகள். அச்சு அசல் இங்கிலாந்து கிராமத்துப் பண்ணை மாளிகை. கெய்சரின் மூத்த மகனுக்காக, முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே கட்டி முடித்தார்கள். ஊரே குண்டுவீச்சில் கிடந்த 1945-இல் தப்பி நின்ற பெரிய கட்டடம் இது என்பதால், ஜூலை 17 முதல் ஆகஸ்ட் 2 வரை மூன்று பெருந்தலைகளின் மாநாடு இங்கே கூடியது.

முற்றத்தில் நுழைந்ததும் கண்ணில் படுவது புல்வெளி நடுவே செந்நிறப் பூக்களால் ஆன ஐந்துமுனை நட்சத்திரம். மாநாட்டுக்காக சோவியத் படையினர் நட்டது, இன்றும் அதே வடிவில் வளர்க்கிறார்கள். விருந்தினரை வரவேற்கும் பூப்பாத்தியிலேயே வீட்டுக்காரர் யார் என்று சொல்லிவிட்டார்கள். மாநாட்டு மண்டபத்தின் வட்டமேசை மாஸ்கோவில் செய்து கொண்டுவரப்பட்டது, குறுக்களவு மூன்று மீட்டருக்குச் சற்று அதிகம். யார் முதலில் நுழைவது என்ற கௌரவப் பிரச்சினை வராமலிருக்க ஒவ்வொரு தரப்புக்கும் தனித்தனி வாசல். மேசைக்கருகே போக விடுவதில்லை, கயிறு கட்டியிருக்கிறார்கள். ஆனால் நாற்காலிகளுக்கு இடையே எவ்வளவு குறைந்த தூரம் என்பது கயிற்றுக்கு இப்பால் நின்றாலே தெரிகிறது. எதிரே இருப்பவர் பெருமூச்சு விட்டால் கேட்கும்.

அந்த மேசையில் உட்கார்ந்தவர்களின் நிலைமையைப் பாருங்கள். ட்ரூமன் அதிபராகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, ரூஸ்வெல்ட் ஏப்ரலில் இறந்துவிட்டார். சர்ச்சில் மாநாட்டின் நடுவில் தேர்தல் முடிவுக்காக லண்டன் போனவர் தோற்றுப்போனார். அவர் நாற்காலியில் அட்லி வந்து உட்கார்ந்தார். பழைய மூவரில் கடைசிவரை மிஞ்சியவர் ஸ்டாலின் மட்டுமே.

ஜூலை 24 அன்று கூட்டம் கலையும் நேரத்தில், மொழிபெயர்ப்பாளரை அழைக்காமல் ட்ரூமன் மேசையைச் சுற்றி ஸ்டாலினிடம் நடந்தார். அசாதாரண அழிவாற்றல் கொண்ட புதிய ஆயுதம் ஒன்று தங்களிடம் இருக்கிறது என்று போகிறபோக்கில் சொன்னார். ஸ்டாலின் முகத்தில் பெரிய மாற்றமில்லை. ஜப்பானுக்கு எதிராக நன்கு பயன்படுத்துங்கள் என்ற தோரணையில் ஏதோ சொல்லிவிட்டு நகர்ந்தார். விஷயம் அவருக்குப் புரியவில்லை என்று அமெரிக்கத் தரப்பு நினைத்தது. அமெரிக்க அணுகுண்டு ஆய்வகமான லாஸ் அலமோஸில் வேலை பார்த்த கிளாஸ் ஃபுக்ஸ் போன்ற உளவாளிகள் மூலம் அணுகுண்டுத் திட்டம் அவருக்கு எப்போதோ தெரிந்திருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு அறையை விட்டுப் போன காட்சி அது.

பனிப்போரின் தொடக்கம் இந்த அணுகுண்டுப் பேச்சுதான் என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. என் கண்ணுக்குப் பட்டது உப்புச்சப்பில்லாத நஷ்டஈட்டு விதி. முந்தைய யால்டா மாநாட்டில் சோவியத் தரப்பு மொத்தம் 2,000 கோடி டாலர், அதில் பாதி தனக்கு என்று கேட்டிருந்தது. போட்ஸ்டாமில் முடிவானது வேறு: அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் ஒன்றியம் நான்கும் ஜெர்மனியை மண்டலங்களாகப் பிரித்துக்கொண்டிருந்தன, அவரவர் மண்டலத்தில் அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல், மேற்கு மண்டலங்களின் உபரித் தொழிற்சாலைக் கருவிகளில் 10 சதவீதம் சும்மா, இன்னொரு 15 சதவீதம் உணவு, நிலக்கரி போன்றவற்றுக்கு மாற்றாக. அதே ஒப்பந்தம் இன்னொரு பக்கத்தில் ஜெர்மனியை ஒரே பொருளாதார அலகாக நடத்துவோம் என்கிறது.

பங்காளிகளுக்குள் வழக்கு வருவது பெரும்பாலும் வயலால் அல்ல, பொதுக் கிணற்றால். வயலை அளந்து கல் நட்டுவிடலாம், கிணற்றை முடியாது. இங்கே கிணறு பொருளாதாரம். ரூர் நிலக்கரி பிரிட்டிஷ் மண்டலத்தில், விளைநிலம் கணிசமாகக் கிழக்கில். கிழக்கில் தொழிற்சாலைகளையும் ரயில் பாதைகளின் இரண்டாவது தண்டவாளங்களையும் கழற்றி ரஷ்யாவுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேற்கில் பிரிட்டன் தன் மண்டலத்து ஜெர்மானியருக்குச் சோறு போட முடியாமல் திணறியது. போர்க்காலம் முழுவதும் ரொட்டிக்குப் பங்கீடு வைக்காத அந்த நாடு, 1946 ஜூலையில் தன் மக்களுக்கே ரொட்டிப் பங்கீட்டைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு மே மாதம் அமெரிக்கத் தளபதி க்ளே, தன் மண்டலத்திலிருந்து போகும் நஷ்டஈட்டுச் சரக்கை நிறுத்தினார். அமெரிக்காவின் ஃபுல்டனில் சர்ச்சில் இரும்புத்திரை பற்றிப் பேசி ஏறக்குறைய இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. சொற்பொழிவை உலகம் நினைவில் வைத்திருக்கிறது, சரக்கு நின்றதை மறந்துவிட்டது.

பூங்காவின் ஏரிக்கரையில் நடந்து திரும்பினேன். பிற்காலத்தில் சுவர் இந்தக் கரையோரமாகவே போனது. மாநாட்டு அரண்மனையிலிருந்து ஏரியைப் பார்க்க முடியாமல் போயிற்று.

வியாழன்: க்ளைஸ்ட்பார்க், ஃப்ரீட்ரிக் வீதி

இன்று இரண்டு கட்டடங்கள். க்ளைஸ்ட்பார்க் நிலையத்திலிருந்து வெளியே வந்தால் பழைய தூண் வரிசை, அதைத் தாண்டிப் பூங்கா, பூங்காவின் முடிவில் பிரம்மாண்டமான நீதிமன்றம். ஹிட்லரைக் கொல்ல முயன்றவர்களை 1944-இல் நீதிபதி ஃப்ரைஸ்லர் கத்திக் கத்தி அவமதித்து மரண தண்டனை விதித்த கட்டடம். போருக்குப் பின் நான்கு வல்லரசுகளின் கட்டுப்பாட்டுக் குழு இங்கே கூடியது. பிரஷ்யா என்ற அரசையே 1947 பிப்ரவரியில் ஒரு சட்டம் போட்டு ஒழித்தது இந்தக் குழுதான்.

பிரச்சினை அதன் விதியில் இருந்தது. நால்வரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு, இல்லையென்றால் அவரவர் மண்டலத்தில் அவரவர் ராஜா. 1948-இன் தொடக்கத்தில் மேற்கு நாடுகள் லண்டனில் தனியாகக் கூடி, மேற்கு ஜெர்மனிக்கு ஓர் அரசு அமைப்பது பற்றிப் பேசின. மார்ச் 20 அன்று சோவியத் தளபதி சொகொலோவ்ஸ்கி, அங்கே என்ன முடிவு செய்தீர்கள் என்று கேட்டார். சொல்ல அதிகாரமில்லை என்று பதில் வந்தது. அவர் ஓர் அறிக்கையை வாசித்தார், கூட்டம் முடிந்தது என்றார், எழுந்து போய்விட்டார். குழு முறையாகக் கலைக்கப்படவில்லை. அடுத்த கூட்டத்துக்கு நாள் குறிக்கப்படவும் இல்லை.

ஆனால் அந்தக் கட்டடத்தில் ஓர் அலுவலகம் மட்டும் நிற்காமல் இயங்கியது: வான்பாதுகாப்பு மையம். நான்கு நாட்டு அதிகாரிகளும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பெர்லின் மேல் பறக்கும் விமானங்களைக் கவனித்தார்கள். முற்றுகையிலும் சுவர் எழுந்தபோதும் மூடவில்லை, 1990 வரை வேலை நடந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சனிக்கிழமை தேவைப்படும்.

அங்கிருந்து ஃப்ரீட்ரிக் வீதியின் அட்மிரால்ஸ்பலாஸ்ட் அரங்கு. இப்போது இசை நிகழ்ச்சிச் சுவரொட்டிகள் தொங்குகின்றன. 1946 ஏப்ரலில் சோவியத் மண்டலத்தின் சமூக ஜனநாயகக் கட்சி கம்யூனிஸ்ட் கட்சியோடு இணைக்கப்பட்டது இங்கே. மேடையில் கம்யூனிஸ்ட் தலைவர் பீக்கும் சமூக ஜனநாயகத் தலைவர் க்ரோட்டவோலும் கைகுலுக்கினார்கள், அந்தக் கைகுலுக்கலே புதிய கட்சியின் சின்னம். அதற்கு மூன்று வாரம் முன்பு, பெர்லினின் மேற்குப் பகுதிகளில் மட்டும் சமூக ஜனநாயகக் கட்சியினர் வாக்களிக்க முடிந்தபோது, உடனடி இணைப்பை 82 சதவீதம் பேர் நிராகரித்திருந்தார்கள். அக்டோபரில் நகரம் முழுவதும் தேர்தல் நடந்தது. இணையாமல் நின்ற சமூக ஜனநாயகக் கட்சிக்கு 48.7 சதவீதம், புதிய ஒற்றுமைக் கட்சிக்கு 19.8. நான்கு பகுதிகளிலும் ஒருசேர நடந்த சுதந்திரமான தேர்தல் அதன் பிறகு 1990-இல்தான்.

நஷ்டஈட்டு விஷயத்தில் சோவியத் பக்கம் எனக்கிருந்த அனுதாபம் இந்தத் தெருவில் கொஞ்சம் கரைந்தது.

வெள்ளி: டாலெம்

மழை. நேசநாட்டு அருங்காட்சியகம் பழைய அமெரிக்க ராணுவத் திரையரங்கில் இருக்கிறது. வெளியே ஒரு பிரிட்டிஷ் ஹேஸ்டிங்ஸ் விமானமும் செக்பாயின்ட் சார்லியின் அசல் காவல் கூண்டு ஒன்றும் நனைந்துகொண்டு நிற்கின்றன.

நான் தேடி வந்தது பணத்தாள்களை. போர் முடியும் முன்பே அமெரிக்கா, ஆக்கிரமிப்புக்கால மார்க் நோட்டுகளின் அச்சுத் தகடுகளை 1944-இல் மாஸ்கோவுக்குக் கொடுத்திருந்தது. சோவியத் தரப்பு தன் படையினரின் சம்பளப் பாக்கிக்கெல்லாம் தாராளமாக அச்சடித்துத் தள்ளியது. நோட்டு குப்பையானது, சிகரெட்டே நாணயமானது. ஒரே நாட்டில் ஒரே பணம், அச்சகம் மட்டும் இரண்டு கைகளில்.

1948 ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை, மேற்கு மண்டலங்களில் டாய்ச் மார்க் வந்தது. நோட்டுகள் அமெரிக்காவில் ரகசியமாக அச்சாகிக் கப்பலில் வந்தவை. தலைக்கு முதலில் 40 மார்க். சேமிப்பு வைத்திருந்தவர்களுக்கு அடி, 100 பழைய மார்க்குக்குக் கடைசியில் கிடைத்தது ஆறரை. திங்கட்கிழமை காலை கடைக் கண்ணாடிகளுக்குப் பின்னால் பாத்திரமும் காலணியும் வெண்ணெயும் திடீரென்று தோன்றின. அதாவது சரக்கு அத்தனை நாளும் பின்கட்டில் இருந்திருக்கிறது!

செல்லாத பழைய நோட்டெல்லாம் கிழக்கே பாயும் என்று சோவியத் நிர்வாகம் அஞ்சியது, நியாயமான அச்சம். ஜூன் 23 அன்று அவசர அவசரமாகத் தன் பங்குக்கு ஒரு பணமாற்றம் அறிவித்தது. புதிதாக அச்சடிக்க நேரமில்லாததால் பழைய நோட்டின் மேலேயே ஒரு சிறு வில்லையை ஒட்டினார்கள். பெர்லின்காரர்கள் அதைச் சுவர்த்தாள் மார்க் என்று கேலி செய்தார்கள். பழைய நோட்டின் மூலையில் தபால்தலை ஒட்டியது போலத்தான் இருக்கிறது. மேற்கு பெர்லினில் புழங்கிய டாய்ச் மார்க்கில் பி என்ற முத்திரை. ஒரே நகரம், இரண்டு பணம். மறுநாள், ஜூன் 24, மேற்கு பெர்லினுக்கான ரயிலும் சாலையும் கால்வாயும் அடைக்கப்பட்டன. சொன்ன காரணம் தொழில்நுட்பக் கோளாறு.

சனி: டெம்பல்ஹோஃப்

முற்றுகையிட முடிந்ததற்கும், முற்றுகை தோற்றதற்கும் காரணம் ஒன்றேதான். 1945-இல் நான்கு வல்லரசுகளும் பெர்லினைப் பங்கிட்டபோது, சோவியத் மண்டலத்தின் நடுவே இருந்த நகரத்துக்கு மேற்கு நாடுகள் சாலை வழியாகவும் ரயில் வழியாகவும் போய்வர முறையான எழுத்து ஒப்பந்தம் ஒன்றும் செய்துகொள்ளவில்லை. நண்பர்கள்தானே என்று வாய்ச்சொல்லில் விட்டுவிட்டார்கள். எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா? ஆனால் விமானங்கள் மோதிக்கொள்ளக் கூடாதே என்பதற்காக 1945 நவம்பரில் மூன்று வான்தடங்களை மட்டும் எழுதி வைத்தார்கள், ஒவ்வொன்றும் 20 மைல் அகலம். க்ளைஸ்ட்பார்க் அலுவலகம் கண்காணித்தது அவற்றைத்தான். தரையை அடைத்த சோவியத் தரப்பு அந்தக் காகிதத்தில் கைவைக்கவில்லை. அதில் கைவைத்தால் துப்பாக்கிதான் பேச வேண்டியிருக்கும்.

டெம்பல்ஹோஃப் விமான நிலைய வாசலில் நிற்கும் நினைவுச் சின்னம் அந்த மூன்று தடங்களைத்தான் மூன்று வளைந்த கான்கிரீட் விரல்களாகக் காட்டுகிறது. அடியில், அந்தத் தடங்கள் வழியே மேற்கு பெர்லினுக்கு விமானத்தில் சரக்கு கொண்டுபோனபோது விபத்துகளில் இறந்த 39 பிரிட்டிஷாரும் 31 அமெரிக்கரும் பெயராக இருக்கிறார்கள். மூன்றாண்டு முன்புவரை இந்த ஊரில் குண்டு போட்ட விமானப் படைகள் அவை.

மேற்கு பெர்லினில் அப்போது சுமார் இருபது லட்சம் பேர். அத்தனை வயிற்றுக்கும் அடுப்புக்கும் வானத்திலிருந்து சரக்கு. அடுப்புதான் பெரிய பாடு: வந்திறங்கியதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி. கரித்தூள் விமானத்தின் இண்டு இடுக்கெல்லாம் புகுந்தது. உப்பு அதைவிடத் தொல்லை, உலோகத்தை அரித்துவிடும். அதனால் கடல்நீரில் இறங்கிப் பழகிய சண்டர்லாண்ட் மிதவை விமானங்களில் ஏற்றி, பெர்லினின் ஹாஃபெல் ஆற்றில் இறக்கினார்கள். உருளைக்கிழங்கைப் பொடியாக்கி எடையைக் குறைத்தார்கள். வீடுகளுக்கு மின்சாரம் நாளில் சில மணி நேரமே. டெகலில் புதிய ஓடுபாதையை இடிபாட்டுக் கற்களைக் கொண்டு மூன்று மாதத்தில் போட்டார்கள், வேலை செய்தவர்களில் பலர் பெண்கள். 1949 ஏப்ரல் 15-16-இல் 24 மணி நேரத்தில் 1,398 விமானங்கள். கிட்டத்தட்ட நிமிடத்துக்கு ஒன்று. மொத்தக் கணக்கு சுமார் 2,78,000 பறப்புகள், 23 லட்சம் டன்.

வேலிக்கு வெளியே நின்ற பிள்ளைகளுக்குக் கைக்குட்டைப் பாராசூட்டில் மிட்டாய் வீசிய விமானி ஹால்வோர்சன் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். நல்ல கதைதான். ஆனால் அது மட்டுமே கதையாகிவிட்டது. சொல்லப்படாத இரண்டு விஷயங்கள்: நகருக்குள் பகுதிக்குப் பகுதி போய்வரும் வழி அடைபடவில்லை, மேற்கு பெர்லின்காரர்கள் கிழக்கே போய்க் கள்ளச்சந்தையில் வாங்கிவந்துகொண்டுதான் இருந்தார்கள். அடுத்தது, மேற்கு நாடுகள் பதிலுக்குக் கிழக்கு மண்டலத்துக்கான எஃகையும் நிலக்கரியையும் நிறுத்தின. அந்த எதிர்முற்றுகை நன்றாகவே உறைத்தது. 1949 மே 12 அன்று தடை விலகியதில் அதற்கும் பங்குண்டு. பதினொரு நாளில் மேற்கு ஜெர்மனியின் அரசியல் சட்டம் அறிவிக்கப்பட்டது, ஆகஸ்டில் சோவியத் அணுகுண்டு வெடித்தது, அக்டோபரில் கிழக்கு ஜெர்மனி பிறந்தது. அதற்குப்பின் பின்வாங்க இரு தரப்புக்கும் இடமில்லை.

விமான நிலையம் 2008-இல் மூடப்பட்டது. ஓடுபாதையில் இன்று சைக்கிள், பட்டம், சறுக்குப் பலகை. முனையிலிருந்து முனைக்கு நடந்தேன், கால் வலி எடுத்தது. இங்கே வீடு கட்டும் திட்டத்தை 2014-இல் பெர்லின்காரர்கள் வாக்களித்துத் தள்ளிவிட்டார்கள். வீட்டு வாடகை ஏறிக்கிடக்கும் ஊரில் இப்படி ஒரு முடிவு!

ஞாயிறு: பிரிட்ஸ்

நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், எல்லோரும் அழைப்பதுபோல் நானும் அவரை அண்ணை என்றே அழைக்கிறேன். காலையில் பிரிட்ஸில் இருக்கும் மயூரபதி முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். அர்ச்சனை முடிந்து பிரசாதத்தோடு உட்கார்ந்தபோது, அவர் 1984-இல் வந்த கதையைக் கேட்டேன்.

அவர் மேற்கு ஜெர்மனி விசா இல்லாமல் வந்தவர். மாஸ்கோ வழியாக ஏரோஃப்ளோட், கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்டில் இறக்கம், கையில் கிழக்கு ஜெர்மனியைக் கடந்துசெல்வதற்கான டிரான்சிட் விசா மட்டும். ஃப்ரீட்ரிக் வீதி நிலையத்தில் கிழக்கு ஜெர்மன் காவலர் முத்திரை குத்தி விட்டுவிட்டார். அடுத்த பக்கத்தில் கடவுச்சீட்டு கேட்க யாருமே இல்லை.

ஏன் இல்லை? நால்வர் நகரம் என்ற 1945-இன் ஏற்பாட்டை மேற்கு நாடுகள் விடவில்லை. தங்கள் பக்கத்தில் குடியேற்றச் சோதனை வைத்தால், ஊருக்குள் போகும் அந்தப் பிரிவுக் கோடே நாட்டு எல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே வைக்கவில்லை. அந்த இடைவெளி வழியாக எண்பதுகளில் ஆயிரக்கணக்கான ஈழத் தமிழர்கள் உள்ளே வந்தார்கள். இரண்டு ஜெர்மனிகளும் பேசிக்கொண்டு 1985 நடுவில் தமிழர்களுக்கு அந்த வழியை மூடும்வரை இது நடந்தது.

போட்ஸ்டாம், கட்டுப்பாட்டுக் குழு, வான்தடம் என்று ஒரு வாரமாகச் சேர்த்துவைத்ததை எல்லாம் அவரிடம் உற்சாகமாகக் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் எங்களுக்கு ஆர் சொன்னது தம்பி? பெர்லினில் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று ஏஜென்சிக்காரன் சொன்னான், டிக்கெட்டும் மலிவு" என்றார். "சுண்டலைச் சாப்பிடுங்கோ, ஆறுது."